ஓய்வு நாளில் பறக்க மறுத்தால் அது வேலைநிறுத்தமா?

"அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்தின் பைலட்கள் ஓய்வு நாட்களில் கூடுதலாகப் பறக்க முன்வரவில்லை. நிறுவனம் கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கிவிட்டதாம். ஓய்வு நாளில் வருவது அவரவர் விருப்பம் என்று ஒப்பந்தமே சொல்லும்போது, வராமல் இருந்ததற்கு எப்படித் தடை போட முடியும்?" இதுதான் கேள்வி.

ஒரு பைலட் தனியாக "இந்த வாரம் எனக்கு முடியாது" என்று சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சம்பளப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஆயிரம் பேர் பேசி வைத்துக்கொண்டு அதையே சொன்னால், அமெரிக்கச் சட்டம் அதை வேலைநிறுத்தக் கணக்கில்தான் சேர்க்கும். சட்டப்படியான பதில் இவ்வளவுதான். ஆனால் ஓய்வில் இருப்பவர்கள் வரவில்லை என்றால் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாகும் அளவுக்கு ஒரு நிறுவனம் ஏன் அவர்களை நம்பியிருக்கிறது? அதைப் பார்க்காமல் இந்தத் தீர்ப்புகள் புரியாது. நான் பைலட் இல்லை. பைலட்களுக்கு டூட்டி போடும் பிரிவில் சில காலம் இருந்தவன். ஓய்வில் இருப்பவரைப் போனில் கூப்பிட்டுக் கெஞ்சும் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் அடுத்த மாதத்துக்கான ட்ரிப்கள் எல்லாம் முன்கூட்டியே கட்டுக்கட்டாகப் பிரிக்கப்படும். சீனியாரிட்டி வரிசைப்படி பைலட்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவார்கள். ஒருவருக்கு மாதம் ஏறக்குறைய 75 முதல் 85 மணி நேரப் பறத்தல் விழும். மீதியில் சில நாட்கள் ஓய்வு. இன்னொரு கூட்டம் 'ரிசர்வ்' பைலட்கள்: அவர்களுக்கு ட்ரிப் கிடையாது, கூப்பிட்டால் வர வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால், மழையில் விமானம் தாமதமாகி யாருடைய டூட்டி நேரமாவது தீர்ந்துபோனால், அந்த இடத்தை ரிசர்வ் ஆட்கள் நிரப்புவார்கள். அப்புறமும் ஆள் கிடைக்காத ட்ரிப்கள் ஒரு பொதுப் பட்டியலில் விழும். ஓய்வில் இருப்பவர் யாரும் அதை எடுத்துக்கொள்ளலாம். முதலில் வழக்கமான சம்பளம். யாரும் எடுக்காவிட்டால் ஒன்றரை மடங்கு. டெல்டா விமான நிறுவனத்தில் 'கிரீன் ஸ்லிப்' என்று ஒன்று உண்டு, அதில் இரட்டிப்புச் சம்பளம். அப்போதும் ஆள் வராவிட்டால் இருப்பவர்களில் ஜூனியரைப் பிடித்து "நீதான் போக வேண்டும்" என்று சொல்ல ஒப்பந்தத்தில் ஒரு வழி இருக்கும். ஆனால் அதற்கு அவர் போனை எடுக்க வேண்டும். எங்கள் நம்பரைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டுவிடுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கலை.

நிறுவனங்கள் ஏன் தேவையான அளவுக்கு ஆள் எடுப்பதில்லை? கணக்கு எளிது. ஒரு பைலட்டைப் புதிதாக எடுத்தால் அந்த ரக விமானத்துக்கான பயிற்சி, சிமுலேட்டர் நேரம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் சேரும். அவர் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று உறுதியளித்த சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். கோடையில் நெரிசல், பிப்ரவரியில் காலி. கோடைக்காக ஆள் எடுத்தால் குளிர்காலத்தில் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதைவிட இருப்பவருக்கே ஒன்றரை மடங்கு கொடுத்துப் பறக்கவைப்பது மலிவு. பைலட்டுக்கும் லாபம்தான். பிள்ளை படிப்பு, வீட்டுக் கடன் என்று கோடை முழுவதும் கூடுதல் ட்ரிப் எடுத்துத் தள்ளுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல காலத்தில் இந்த ஏற்பாட்டால் யாருக்கும் குறை இல்லை.

சட்டமும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்ததற்குப் பிறகு அமெரிக்காவில் பைலட் களைப்பு பற்றிய விதிகள் மாற்றப்பட்டன. 2014 ஜனவரியிலிருந்து நடைமுறை. அதன்படி 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, 365 நாளில் 1000 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓவர்டைம் முழுக்க நடப்பது, ஒப்பந்தம் தரும் 80 மணிக்கும் சட்டம் விடும் 100 மணிக்கும் நடுவில் உள்ள சந்தில். கவனித்தால், 1000 மணியை 12 மாதத்துக்குப் பிரித்தால் 83தான் வரும். கோடையில் 95 மணி பறந்தவர் அந்தக் கடனை வருடக் கடைசியில் அடைக்க வேண்டும். இதை மறந்த நிறுவனம் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு கதை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இப்போது சட்டம். அமெரிக்க விமானப் பைலட்கள் சாதாரணத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருவதில்லை. 1926-இல் ரயில்வேக்காகப் போட்ட ரயில்வே தொழிலாளர் சட்டத்தை 1936-இல் விமானத் துறைக்கும் நீட்டினார்கள். இந்தச் சட்டத்தில் ஒரு விசித்திரம்: ஒப்பந்தத்துக்குக் காலாவதி கிடையாது. குறிப்பிட்ட தேதி வந்ததும் 'திருத்தலாம்' என்ற நிலைக்கு வரும், அவ்வளவே. புதியது கையெழுத்தாகும் வரை பழையதே ஓடும். பேச்சு இழுத்தால் தேசிய சமரச வாரியம் உள்ளே வரும். வாரியத்துக்குக் காலக்கெடு கிடையாது; "இனி பேசிப் பயனில்லை" என்று அது விடுவித்தால்தான் அடுத்த கட்டம். அதன் பிறகும் 30 நாள் பொறுக்க வேண்டும். அப்புறமும் ஜனாதிபதி தலையிடலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களில் கிளிண்டன் அதை நிறுத்திவைத்தார்.

ஆக, பழைய சம்பளத்தில் நான்கைந்து வருடம் பேச்சு நடப்பது சகஜம். தாமதம் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நடுக்காலத்தில் இரண்டு தரப்பும் 'இருக்கும் நிலையை' மாற்றக் கூடாது என்பது சட்டம். வேலைநிறுத்தம் கூடாது, மெதுவேலை கூடாது. நிறுவனமும் தன்னிச்சையாகச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. அப்படியானால் பைலட் கையில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: கட்டாயமில்லாத வேலையைச் செய்யாமல் இருப்பது.

இதன் முழு வீச்சையும் உலகம் பார்த்தது 2000-ஆம் ஆண்டு கோடையில், யுனைடெட் நிறுவனத்தில். பின்னணி கொஞ்சம் கசப்பானது. 1994-இல் யுனைடெட் ஊழியர்கள் சம்பள வெட்டுக்கு ஒப்புக்கொண்டு பதிலுக்கு நிறுவனத்தின் 55 சதவீதப் பங்கைப் பெற்றார்கள். ஊழியரே முதலாளி என்று பெரிதாகப் பேசப்பட்ட காலம். அந்த ஏற்பாடு 2000 ஏப்ரலில் முடிந்தது. பைலட் ஒப்பந்தமும் அதே ஏப்ரலில் திருத்தத்துக்கு வந்தது. ஆறு வருடம் விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறும் நேரம் என்று பைலட்கள் நினைத்தார்கள். நிறுவனமோ மே மாதத்தில் யுஎஸ் ஏர்வேஸை வாங்கப்போவதாக அறிவித்தது. சம்பளம் கேட்டால் பணமில்லை, இன்னொரு நிறுவனத்தை வாங்க மட்டும் பணம் இருக்கிறதா என்ற கோபம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

பைலட்கள் ஓவர்டைம் எடுப்பதை விட்டார்கள். வேலைக்கு வந்தார்கள், தங்கள் ட்ரிப்பைப் பறந்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். அதற்கே யுனைடெட் நொறுங்கியது. அந்தக் கோடையில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. சிகாகோ ஓஹேர் நிலையத்தில் மக்கள் தரையில் படுத்துத் தூங்கினார்கள். தலைமை நிர்வாகி ஜேம்ஸ் குட்வின் டிவி விளம்பரத்தில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்ட் கடைசியில் உடன்பாடு வந்தது: உடனடியாக 21.5 முதல் 28.5 சதவீதம் வரை உயர்வு.

வெற்றி என்று இதை எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் கதை அங்கே முடியவில்லை. யுஎஸ் ஏர்வேஸ் இணைப்பு 2001 ஜூலையில் கைவிடப்பட்டது. செப்டம்பர் 11 வந்தது. 2002 டிசம்பரில் யுனைடெட் திவால் மனு போட்டது. திவால் சட்டத்தின் கீழ் பைலட் சம்பளம் பெரிய அளவில் வெட்டப்பட்டது. 2005-இல் நிறுவனம் ஓய்வூதியத் திட்டத்தையே கைகழுவியது. 2000-இல் அதிகம் கேட்டதால்தான் திவால் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. செப்டம்பர் 11-க்குப் பிறகு யுஎஸ் ஏர்வேஸும் திவாலானது, சில வருடம் கழித்து டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் ஆயின. ஆனால் ஒப்பந்தப் போராட்டத்தில் ஜெயித்ததை எல்லாம் திவால் கோர்ட் ஒரே கையெழுத்தில் துடைத்துவிடும் என்பதை அமெரிக்கப் பைலட்கள் அப்போதுதான் நேரில் கண்டார்கள்.

யுனைடெட் ஒப்பந்தத்தைப் பார்த்த டெல்டா பைலட்களுக்கும் அது வேண்டும் என்று தோன்றியது. 2000 கடைசியில் அங்கேயும் ஓவர்டைம் எடுப்பவர்கள் மளமளவென்று குறைந்தார்கள். டெல்டா பொறுத்திருக்கவில்லை, டிசம்பரில் தொழிற்சங்கத்தின் மீதும் 49 பைலட்கள் மீதும் வழக்குப் போட்டது. அட்லாண்டாவில் கீழ்க்கோர்ட் தடை தர மறுத்தது. 2001 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

சங்கத்தின் வாதம் உங்கள் வாதமேதான்: ஓவர்டைம் விருப்பம் என்று ஒப்பந்தம் சொல்கிறது, விருப்பம் இல்லை என்றோம், இதில் ஒப்பந்த மீறல் எங்கே? நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: ஒவ்வொரு பைலட்டுக்கும் மறுக்கும் உரிமை உண்டு, அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் பேச்சுவார்த்தைக் காலத்தில் அந்த உரிமையை எல்லோரும் சேர்ந்து ஒரு ஆயுதமாகத் திருப்பினால், பல வருடமாக நடந்துவந்த நிலை மாறிவிடுகிறது. அதை நிறுத்த எல்லா நியாயமான முயற்சியும் எடுக்க வேண்டிய கடமை சங்கத்துக்கு உண்டு. "நாங்கள் தூண்டவில்லை, வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குக் கடிதமும் எழுதினோம்" என்பது போதாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'இருக்கும் நிலை' என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டும் இல்லை, நடைமுறையில் உள்ளதும் சேர்த்துத்தான் என்று 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு ரயில்வே வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் ஜெயித்தது தொழிற்சங்கம். ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு வேலை இட மாற்றத்தை நிறுவனம் திணிக்கக் கூடாது என்பதற்காக வாங்கிய தீர்ப்பு அது. அதே தர்க்கம் பிற்காலத்தில் பைலட்கள் பக்கம் திரும்பியது: வழக்கமாக ஓவர்டைம் எடுப்பீர்களே, அதுவும் 'நிலை'தானே?

எல்லோரும் கூடிப் பேசித்தான் செய்தார்கள் என்று கோர்ட் எப்படிக் கண்டுபிடிக்கும்? இரண்டு வகைச் சாட்சியம். ஒன்று புள்ளிவிவரம்: போன வருடம் இதே மாதம் எத்தனை பேர் கூடுதல் ட்ரிப் கேட்டார்கள், இந்த வருடம் எத்தனை, தற்செயலாக இப்படி விழ வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு நிபுணர் வந்து சொல்வார். இன்னொன்று செய்திகள். உறுப்பினர் பலகையில் எழுதியது, மெசேஜ் குரூப், ஓவர்டைம் எடுத்தவர்களின் பெயரைப் போட்டு அவமானப்படுத்தியது. பெரும்பாலும் வழக்கைத் தோற்கடிப்பது இந்த இரண்டாவதுதான். பைலட்கள் பத்தாயிரம் அடி உயரத்தில் நிதானமானவர்கள். குரூப்பில் எழுதும்போது அந்த நிதானத்தைப் பார்த்ததில்லை.

தடையுத்தரவை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1999 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் நடந்தது போதும். ரெனோ ஏர் என்ற சிறு நிறுவனத்தை வாங்கியபோது அதன் பைலட்களைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருப்பதை எதிர்த்து, அமெரிக்கன் பைலட்கள் கூட்டமாக 'உடம்பு சரியில்லை' என்றார்கள். 6000-க்கு மேல் விமானங்கள் ரத்து. டல்லாஸ் நீதிபதி ஜோ கெண்டல் வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவிட்டார். அதற்கு மறுநாள் நோயாளிகள் இன்னும் கூடினார்கள். சங்கத்துக்கு 4.55 கோடி டாலர் அபராதம். இது தொடர்ந்தால் சங்கத்தின் சொத்து முழுவதும் ஒரு பைப்பர் கப் விமானத்தின் தலைக்கு மேல் உள்ள பெட்டியில் அடங்கிவிடும் என்றார் நீதிபதி. பைப்பர் கப் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம்; அதில் அப்படியொரு பெட்டியே கிடையாது.

உடம்பு சரியில்லை என்று பொய் சொல்வதையும் ஓய்வு நாளில் வர மறுப்பதையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். முதலாவதில் ஒருவர் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யவில்லை. இரண்டாவதில் ஒப்புக்கொள்ளாத வேலையைச் செய்யவில்லை. சட்டம் இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுப்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

நீங்கள் படித்தது அநேகமாக 2017 மே மாதத்து ஸ்பிரிட் வழக்காக இருக்கும். ஸ்பிரிட் மலிவு விலை நிறுவனம். அட்டவணையை இறுக்கிப் பிழிந்துதான் அதன் டிக்கெட் விலை. பைலட் ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் திருத்தத்துக்கு வந்து, பேச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மே முதல் வாரத்தில் பொதுப் பட்டியலில் விழுந்த ட்ரிப்களை எடுக்க ஆள் இல்லை. நிறுவனம் கோர்ட்டில் கொடுத்த கணக்குப்படி ஏறக்குறைய 300 விமானங்கள் ரத்து, 20,000-க்கு மேல் பயணிகள் பாதிப்பு. மே 8-ஆம் தேதி வழக்குப் போட்டார்கள். அன்று இரவே ஃபோர்ட் லாடர்டேல் நிலையத்தில் பயணிகள் கவுன்டர் முன் கைகலப்பில் இறங்கி, போலீஸ் மூன்று பேரைக் கைது செய்தது. அந்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. மறுநாள் நீதிபதி தற்காலிகத் தடை கொடுத்துவிட்டார்.

அந்தத் தடை எந்த பைலட்டையும் "நாளைக் காலை ஆறு மணிக்கு வா" என்று சொல்லவில்லை. அமெரிக்க கோர்ட் தனிமனிதரை அப்படி வேலை செய்ய வைக்காது. சங்கத்தையும் உறுப்பினர்களையும் பார்த்து, கூட்டாக மறுப்பதையும் அதற்குத் தூண்டுவதையும் நிறுத்தச் சொன்னது. வழக்கமான நடைமுறைக்குத் திரும்பச் சொல்லி சங்கம் தன் உறுப்பினர்களுக்கு எழுத வேண்டி வந்தது. விமானங்கள் ஓடின. ஒப்பந்தம் 2018 பிப்ரவரியில் நிறைவேறியது. சராசரி உயர்வு 40 சதவீதத்துக்கு மேல். சங்கம் கோர்ட்டில் தோற்றது, பேச்சுமேசையில் தோற்கவில்லை என்று இதைப் படிக்கலாம். நிறுவனத்துக்கு எங்கே வலிக்கும் என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்ட பிறகு தடையுத்தரவால் அதை மறக்கவைக்க முடியாது.

இனி ஐரோப்பாக் கதை. 2017 செப்டம்பரில் ரயன்ஏர் திடீரென்று ஆறு வாரத்துக்குத் தினமும் 40 முதல் 50 விமானங்களை ரத்து செய்வதாக அறிவித்தது. ஐரோப்பிய விதிப்படி ஒரு பைலட் வருடத்துக்கு 900 மணி நேரம்தான் பறக்கலாம். ரயன்ஏர் தன் விடுப்புக் கணக்கு வருடத்தை ஏப்ரலிலிருந்து ஜனவரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதனால் ஒன்பது மாதத்துக்குள் எல்லோருக்கும் விடுப்புக் கொடுத்து முடிக்க வேண்டும். இதை ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த நாள் டூட்டி என்ற பட்டியல், போட்டவர்கள் சரியாகக் கணக்குப் போடவில்லை. முதல் சுற்றில் 3 லட்சத்துக்கு மேலும், குளிர்கால அட்டவணையில் கைவைத்தபோது இன்னொரு 4 லட்சமும் பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். நிறுவனம் கேப்டன்களுக்கு 12,000 பவுண்டும் கோ-பைலட்களுக்கு 6,000 பவுண்டும் தருவதாகச் சொன்னது: 10 விடுப்பு நாட்களை விற்றுவிடுங்கள்.

அதுவரை ரயன்ஏர் தன் 32 வருட வரலாற்றில் எந்தப் பைலட் சங்கத்தையும் அங்கீகரித்ததில்லை. பலர் நேரடி ஊழியர்களே இல்லை, ஏஜென்சி வழியாக ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். இப்போது முதல்முறையாக நிறுவனம் அவர்களிடம் ஒன்றைக் கேட்டு நின்றது. பல தளங்களில் பைலட்கள் போனஸை மறுத்து, பணம் வேண்டாம், சரியான ஒப்பந்தம் கொடு என்றார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் வேலைநிறுத்த எச்சரிக்கை வந்தது. டிசம்பர் 15 அன்று ரயன்ஏர் சங்கங்களை அங்கீகரிப்பதாக அறிவித்தது. வருடக்கணக்கில் சங்கங்கள் கேட்டுக் கிடைக்காதது, ஒரு ரோஸ்டர் பிழையால் மூன்று மாதத்தில் கிடைத்தது.

அதே வருடக் கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் நடந்தது நகைச்சுவைக் காட்சி. ரோஸ்டர் மென்பொருளில் ஒரு கோளாறு, கேட்ட பைலட்களுக்கெல்லாம் கிறிஸ்துமஸ் விடுப்பை அள்ளிக் கொடுத்துவிட்டது. 15,000 விமானங்களுக்குப் பைலட் போடப்படவில்லை என்று சங்கம் சொன்னது. ஒன்றரை மடங்கு சம்பளம் தருகிறோம், வாருங்கள் என்றது நிறுவனம். சங்கம் என்ன செய்தது தெரியுமா? எங்களைக் கேட்காமல் கூடுதல் சம்பளம் அறிவிப்பது ஒப்பந்த மீறல் என்று புகார் கொடுத்தது. முடிவில் இரட்டிப்புச் சம்பளம் என்று பேசி முடித்தார்கள், விமானங்கள் ஓடின. யாரும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை, ஏனென்றால் ஓய்வு நாளுக்கு ஒரு விலை பேசி, அந்த விலையை இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. என் அனுபவத்தில் இந்தப் பிரச்சினைகளில் முக்கால்வாசி இப்படித்தான் தீரும். செய்தியில் வராது.

ஹாங்காங் கோர்ட்டுகள் வேறு விதமாகப் பார்த்தன. 2001-இல் கேத்தே பசிஃபிக் பைலட்கள் ஒப்பந்தத்தில் எழுதியபடி மட்டும் வேலை செய்வோம் என்று இறங்கினார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகள் 'விதிப்படி வேலை' என்று எழுதும் அதே வகை. ஜூலையில் நிறுவனம் 49 பேரை ஒரே நேரத்தில் வேலையைவிட்டு நீக்கியது. பலர் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2012-இல் வழக்கு ஹாங்காங்கின் இறுதி முறையீட்டு நீதிமன்றம் வரை போய், சங்க நடவடிக்கையில் பங்கெடுத்ததற்காக வேலையைவிட்டு நீக்கியது தவறு என்ற முடிவு நிலைத்தது. ஒரே மாதிரியான செயல். அமெரிக்காவில் தடை, ஹாங்காங்கில் பாதுகாப்பு. பிரிட்டனில் இந்தச் சுற்றுவழியே பெரிதாகத் தேவைப்படாது. முறைப்படி வாக்கெடுத்து நோட்டீஸ் கொடுத்தால் நேராக வேலைநிறுத்தம் செய்யலாம். 2019 செப்டம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பைலட்கள் இரண்டு நாள் அப்படித்தான் செய்தார்கள். நேர் வழியை அடைத்துவைத்த இடத்தில்தான் ஓய்வு நாள் ஆயுதமாகிறது என்பது என் எண்ணம்.

அமெரிக்கச் சங்கங்களும் பாடம் கற்றுவிட்டன. 2022 கோடையில் டெல்டா பைலட் சங்கம் பயணிகளுக்கு ஒரு திறந்த கடிதம் வெளியிட்டது. இப்போது போகிற வேகத்தில் போனால், 2018, 2019 இரண்டு வருடமும் சேர்த்துப் பறந்ததைவிட அதிக ஓவர்டைமை இந்த ஒரே வருடத்தில் இலையுதிர் காலத்துக்குள் பறந்திருப்போம் என்றது அது. ஓவர்டைம் எடுக்காதே என்று ஒரு வார்த்தை இல்லை. தடையுத்தரவு வாங்க அதில் எதுவும் கிடையாது. ஆனால் நிறுவனம் யார் தோளில் நிற்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. 2023 மார்ச்சில் 34 சதவீத உயர்வோடு ஒப்பந்தம் நிறைவேறியது.

இந்தியாவில் இப்படி நடக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். 2024 ஏப்ரலில் விஸ்தாரா கொஞ்சம் அருகில் வந்தது. ஏர் இந்தியா இணைப்புக்கு முன்னால் வந்த புதிய ஒப்பந்தத்தில், உறுதியளித்த சம்பள மணிநேரம் 70-லிருந்து 40 ஆனது. பலர் உடம்பு சரியில்லை என்றார்கள். நிறுவனம் தினசரி 25 முதல் 30 விமானங்களைக் குறைத்தது. கோபம் வந்தால் வேலையை விட்டுப் போகவும் இங்கே எளிதில்லை: 2017 விதிப்படி கேப்டன் ஒரு வருடமும் கோ-பைலட் ஆறு மாதமும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

2025 டிசம்பர் இண்டிகோ குழப்பத்தில் சங்கப் போராட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அதை இந்தக் கதையின் உறவினர் என்றே சொல்வேன். ஜூலை 1 முதல் வார ஓய்வு 36-லிருந்து 48 மணி நேரமாகக் கூடியது, நவம்பர் 1 முதல் இரவு நேரத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அதற்கேற்ற ஆள் இல்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்து. விடுப்பை வார ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற உத்தரவை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அன்றே திரும்பப் பெற்றது. வருட விடுப்பு ஒருவர் சம்பாதித்தது. வார ஓய்வு களைப்புக்காகச் சட்டம் கொடுப்பது. இரண்டையும் ஒன்றாக்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டியதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டப்படி பார்த்தால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தம் என்கிறது. ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்புப் போராட்டங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வரி எதற்கு வந்தது என்று விளக்க வேண்டாம். ஆனால் ஓய்வு நாள் தற்செயல் விடுப்பு இல்லை. அந்த வரிக்குள் அது வராது. பொது உடன்பாட்டின் பேரில் வேலையை ஏற்க மறுப்பதும் வேலைநிறுத்தமே என்ற பழைய வாசகம் தொகுப்பிலும் இருக்கிறது, நிறுவனத்தின் வக்கீல் அதைத்தான் பிடிப்பார். பைலட்களின் வக்கீல், அழைக்கப்படாத நாளில் மறுப்பதற்கு வேலையே இல்லையே என்பார். அதற்கெல்லாம் முன்னால் கேப்டன் என்பவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியா, மேற்பார்வையாளரா என்பதில் முதல் சில மாதம் போய்விடும்.